அமெரிக்கக் கால்பந்தில் அஃபென்ஸை ஓட்டுவது கோச்சின் ப்ளே காலிங்கா, குவார்ட்டர்பேக்கின் திறமையா?

ஆபீசில் யாரோடோ இதைப் பற்றி வாக்குவாதம் செய்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அஃபென்ஸ் என்றால் பந்தை வைத்துத் தாக்கும் பக்கம்; ப்ளே காலிங் என்றால் ஒவ்வொரு தடவையும் என்ன ஆட வேண்டும் என்று கோச் சொல்வது; குவார்ட்டர்பேக் பந்தை எறிபவர். நீங்கள் குவார்ட்டர்பேக் கட்சியாகத்தான் இருப்பீர்கள். புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் அப்படித்தான், டிவி கேமரா அவரையே காட்டுகிறது.

நான் பதினைந்து வருடமாக அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். இந்த ஊர் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) அணியான ஃபால்கன்ஸின் ரசிகன். இந்தக் கேள்வி எனக்கு ஆறாத புண்.

2015-ல் கைல் ஷனஹான் எங்கள் அஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக, அதாவது ப்ளே சொல்லும் உதவிக் கோச்சாக வந்தார். குவார்ட்டர்பேக் மாட் ரயன். அந்த வருடம் ரயன் எறிந்தது 21 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த பாஸ்), 16 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). 2016-ல் அதே இரண்டு பேர்; 38 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அணி 540 புள்ளி எடுத்தது, லீகிலேயே அதிகம். ரயன் எம்விபி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2017-ல் ஷனஹான் சான்ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். ரயன் இங்கேயே இருந்தார். 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், அணிக்கு 353 புள்ளி.

"பார், கோச்தான் எல்லாம்" என்று உங்கள் நண்பர் இதை வைத்துத்தான் அடிப்பார். அப்படியானால் 2015-க்கு என்ன பதில்? அப்போதும் அதே கோச்தானே. 2016-ல் சென்டராக அலெக்ஸ் மாக் வந்தார், லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை; அதன் நடு ஆள்தான் சென்டர்) உறுதியானது. ரயனுக்கும் ஷனஹானின் ஆட்ட முறை இரண்டாவது வருடத்தில் கைக்கு வந்தது. 2017-ல் ரயன் எறிந்த சில பந்துகள் நம் ஆள் கையிலேயே பட்டுத் தெறித்துப் போனதையும் சொல்ல வேண்டும். ரயனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம், அவருடைய ஜெர்சி இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

ஷனஹான் என்னதான் செய்வார்? ஓட்டத்தையும் பாஸையும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரிய வைப்பார். லைன் முழுக்க ஒரு பக்கமாக நகரும், ரயன் பந்தை ரன்னிங் பேக்கின் (பந்தோடு ஓடுபவர்) வயிற்றுக்கு நேராக நீட்டுவார். லைன்பேக்கர்கள் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்கள்) ஓட்டம் என்று நம்பி இரண்டு அடி முன்னால் வருவார்கள். அந்த இரண்டு அடிக்குப் பின்னால் ஒரு பெரிய இடம் காலியாகும். அங்கே எறிய உலகத்திலேயே சிறந்த கை தேவையில்லை. 2022 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுப்பது) கடைசியாக, 262-வது ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி, 2023-ல் இதே ஷனஹானிடம் 31 டச்டவுன் எறிந்தார். ஆனால் 2021-ல் மூன்றாவது ஆளாக எடுத்த ட்ரே லான்ஸ் அதே கோச்சிடம் நிலைக்கவில்லை. காயமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த ராத்திரி. 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன், சூப்பர் பௌல், அதாவது லீகின் இறுதிப் போட்டி. 28-3 என்று முன்னால் இருந்தோம். அது 28-20 ஆனபோதும் பந்து எங்களிடம்தான். ஜூலியோ ஜோன்ஸ் சைடுலைனில் ஒரு கேட்ச் பிடித்தார், எதிரணியான பேட்ரியட்ஸின் 22 யார்டு கோட்டில் நிற்கிறோம். ஐந்து நிமிடம்கூட மீதி இல்லை. சும்மா ஓடிவிட்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தால் 11 புள்ளி வித்தியாசம். முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு இழந்தோம். அடுத்து பாஸ். ரயன் சாக் ஆனார், அதாவது எறியும் முன்னே வீழ்த்தப்பட்டார், 12 யார்டு பின்னால். அதற்கு மேல் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கு ஒரு ஹோல்டிங் பெனால்டி. கடைசியில் பந்தை பன்ட் செய்தோம் (உதைத்து எதிரணிக்கே கொடுத்தோம்), ஓவர்டைமில் 34-28 என்று தோற்றோம். அது ஷனஹானின் தப்பு என்று அன்றைக்கு வீடே அதிரக் கத்தினேன். இன்றும் அதுதான் என் கருத்து.

ஆனால் சில வருடம் கழித்து எனக்கே ஒரு டீம் கிடைத்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் ஃப்ளாக் ஃபுட்பால், ஆளை வீழ்த்தாமல் இடுப்பில் தொங்கும் துணிக்கொடியைப் பிடுங்கி நிறுத்தும் ஆட்டம். நாலு தடவைக்குள் (ஒவ்வொன்றும் ஒரு டவுன்) நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். என் நண்பர் ஒருவரின் மகன்தான் குவார்ட்டர்பேக். கை அவ்வளவு பலமில்லை, கண் நல்ல கண். யார் தனியாக நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். சீசனின் கடைசி மேட்ச், மூன்றாவது டவுன், நடுக்கோட்டுக்கு மூன்று யார்டு. எதிரணிப் பிள்ளைகள் எல்லோரும் முன்னால் ஏறி வந்துவிட்டார்கள், பின்னால் மைதானமே காலி. காலையிலிருந்து நான் காத்திருந்த இடம் அது. நீளப் பாஸ் சொன்னேன். பேப்பரில் வரைந்தால் இன்றைக்கும் அது சரியான ப்ளேதான். பந்து காற்றில் தொங்கி எதிரணிப் பையன் கையில் விழுந்தது.

மேட்ச் முடிந்ததும் அவன் ரிஸ்ட்பேண்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். அதில் நான் குட்டியாக எழுதிய பன்னிரண்டு ப்ளே, வியர்வையில் மை பரவிப் போயிருந்தது. "சாரி அங்கிள், அவ்ளோ தூரம் எனக்கு வராது" என்றான். வராது என்று எனக்கும் தெரியும். ஆறு வாரமாக அவன் எறிவதைப் பார்த்தவன் நான்தானே. காலி இடத்தைப் பார்த்தேன், அவன் கையை மறந்துவிட்டேன். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக எடை போட என்னால் முடியவில்லை. யார் எறியப் போகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ப்ளே காலிங்.

அன்று ராத்திரி பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய அலசல். எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த சீசனில் கூம்பு வைக்கவோ தண்ணீர் கேஸ் தூக்கவோ வந்ததில்லை. சம்பளமில்லாத வேலை இது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்த புல்லில் கோடு போட்டவர்கள் நாங்கள் இரண்டே பேர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். என்எஃப்எல்லில் கோச்சின் குரல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் வரும். ப்ளே கிளாக்கில் (அடுத்த ப்ளேயைத் தொடங்குவதற்கான கெடு) 15 விநாடி மீதி இருக்கும்போது அது அறுந்துவிடும். அதற்குப் பிறகு டிஃபென்ஸ் இடம் மாறினால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது அவர் ஒருவர்தான். ஒரு சீசன் முழுக்க எடுத்துக்கொண்டால் கோச்சின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம் என்பது என் கட்சி. ப்ளே உடைந்துபோன டவுனில் குவார்ட்டர்பேக் கட்சிக்கு வந்துவிடுவேன். நண்பர் மறுபடி 2016-ஐ எடுத்தால் 2015-ஐப் பற்றிக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.