எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜிம்மில் எடை தூக்கலாமா? எப்போது, எப்படித் தொடங்குவது?

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஆபரேஷன்) செய்து இரண்டு மாதம் ஆகிறது, தினமும் நடக்கிறேன், எடையும் நன்றாக இறங்குகிறது, எடைப் பயிற்சி தொடங்கலாமா, அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சர்ஜன் சரி என்றால் தாராளமாகத் தொடங்குங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நான் எடை குறைய இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்துகொண்டவள். முதல் சில மாதங்களில் எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையைச் சுவரிலும் ஊன்ற வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே கால்கள், உடம்பு இளைத்த பிறகு நடுங்கின. டயட்டீஷியன் காரணத்தை விளக்கினார். இறங்குகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை. அதில் கிட்டத்தட்ட கால் பங்கு தசையும் அதைச் சேர்ந்தவையுமாக இருக்கலாம், அந்த இழப்பில் பெரும்பகுதி எடை வேகமாக இறங்கும் முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. எடை மிஷின் இதைக் காட்டாது. எது போனாலும் அதற்கு ஒரே எண்தான்.

நடை நல்லது, அதை விடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது வேண்டும். ஆனால் சாப்பாடு இவ்வளவு குறைந்திருக்கும்போது, வேலை கொடுக்காத தசையை உடம்பு கரைத்துவிடும். தசைக்குப் பாரம் கொடுத்தால்தான் அது தங்கும். எலும்புக்கும் இது பொருந்தும். இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, எலும்பின் அடர்த்தி குறையும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை விடக்கூடாது என்று டாக்டர்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வெளியே பார்த்தால் வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள்தான். ஆனால் துளை போட்ட இடத்தில் தசைக்கு மேலுள்ள சவ்வு உறுதியாகச் சேர நாளாகும். அதற்குள் முக்கித் தூக்கினால் அந்த வழியாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம். அதனால்தான் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்காதே என்கிறார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன், நிறைகுடம், கைக்குழந்தை எல்லாமே அந்தக் கணக்கில் வரும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்து, சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு வாரத்தை ஒட்டி லேசான எடைக்கு அனுமதி கிடைக்கும். வயிற்றைத் திறந்து செய்தவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டும். அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

தொடக்கம் ஜிம்மில்தான் என்று இல்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதங்களை நன்றாக ஊன்றி, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் பலன் இருக்கிறது. பத்து முறை சிரமமில்லாமல் வந்துவிட்டால் ஒவ்வொரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். இதோடு சுவரில் கை வைத்துத் தள்ளும் புஷ் அப், ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி இழுப்பது, படியில் ஏறி இறங்குவது. கால், தள்ளுவது, இழுப்பது என்று மூன்றும் வந்துவிட்டால் தொடக்கத்துக்குப் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு.

ஜிம்முக்குப் போனால் ட்ரெயினரிடம் முதல் நாளே ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பல ட்ரெயினர்கள் வயிறு குறைய வேண்டும் என்று வந்தவரை நேராகக் கிரஞ்சஸில், அதாவது மல்லாந்து படுத்து வயிற்றை இறுக்கித் தோளைத் தூக்கும் பயிற்சியில், படுக்க வைப்பார்கள். அது இப்போது வேண்டாம், சர்ஜன் தனியாக அனுமதி கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கி முக்க வேண்டிய எடை எதுவுமே இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள்.

இனி சாப்பாடு. பயிற்சி செய்துவிட்டுப் புரதம் சாப்பிடாவிட்டால் பாதிப் பலன் கூடக் கிடைக்காது. பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை சொல்வார்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது, மிச்சமிருக்கும் இடத்தில் இட்லியை நிரப்பினால் கணக்கு எட்டவே எட்டாது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு இருக்கிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு ஆளுக்கு விழுகிற பருப்பு மிகக் கொஞ்சம். தட்டில் முதலில் முட்டை, மீன், சிக்கன், பனீர், அல்லது பச்சைப்பயறு. அப்புறம் காய். இடம் இருந்தால் இரண்டு வாய் சோறு. கல்யாண வீட்டிலும் நான் இந்த வரிசையை மாற்றுவதில்லை. சாப்பாட்டில் எட்டாத அளவைப் புரதப் பவுடரில் ஈடுகட்டலாம், எது, எவ்வளவு என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள். பயிற்சிக்கு முன்னால் குடிக்கும், கேஃபீன் ஏற்றிய ப்ரீ ஒர்க்அவுட் பவுடர் வேண்டாம்.

தண்ணீரை இனி ஜிம்மில் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. காலையிலிருந்தே மிடறு மிடறாகக் குடித்து வையுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், எடை குறையக் குறைய அந்த டோஸையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய டோஸோடு பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், எழுந்து நின்றால் கண் இருட்டும். இதைத் தயவுசெய்து பயிற்சி தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாமல் விட்டுவிடுவது. முதல் வாரம் உடம்பு வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் என்று ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண்ணை உண்டாக்கலாம், அதிலிருந்து ரத்தம்கூடக் கசியலாம். ஸ்லீவ் என்றாலும் சர்ஜனைக் கேட்காமல் தொடாதீர்கள். பாராசிட்டமால் போதும், பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. தழும்பு இருக்கும் இடத்தில் வீக்கம், தூக்கும்போது அங்கே மட்டும் குத்துகிற வலி, நிற்காத வாந்தி, கறுப்பாக மலம் போவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.