வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டனில் என்ன கேட்டார்கள், மக்கள் என்ன சொன்னார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒருசேர எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐயா, நம் அரசியலமைப்பில் ஒரு பிரிவைத் திருத்துவதற்கே அவையில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். பிரிட்டனோ நாற்பத்து மூன்று ஆண்டு உறவை 52-க்கு 48 என்ற கணக்கில் முறித்துக்கொண்டது. இது முறைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

முதலில் கணக்கை முழுமையாகப் பார்த்துவிடுவோம். விலக வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். வாக்குப்பதிவு 72 விழுக்காடு என்பதால், மொத்த வாக்காளர்களில் விலகலை ஆதரித்தவர்கள் 37 விழுக்காட்டினர்தாம். இத்தகைய வாக்கெடுப்புக்குக் குறைந்தபட்ச வரம்பு வைப்பது பிரிட்டனுக்குப் புதியதும் அன்று. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979-இல் கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் விதித்திருந்தது, வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும் அந்த வரம்பை எட்டாததால் திட்டம் கைவிடப்பட்டது.

2015-இல் இயற்றிய சட்டத்தில் அப்படி எந்த வரம்பும் இல்லை. சட்டப்படி இந்த வாக்கெடுப்பு அரசுக்கு ஆலோசனை மட்டுமே என்பதால், வரம்பு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். ஆனால் அதே அரசு வீட்டுக்கு வீடு அனுப்பிய துண்டறிக்கையில், மக்கள் எதை முடிவு செய்கிறார்களோ அதை நிறைவேற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தது. ஆலோசனை என்று சட்டத்திலும், தீர்ப்பு என்று துண்டறிக்கையிலும் சொன்னதுதான் தவறு என்பது என் கருத்து; வெற்றி பெற்றவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

வெற்றி பெற்ற தரப்பு 60 விழுக்காட்டைத் தொடாமலும் வாக்குப்பதிவு 75 விழுக்காட்டைத் தொடாமலும் போனால் மறுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று கோரிய மனுவொன்றில், முடிவு வந்த பிறகு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அந்த மனுவை வாக்கெடுப்புக்கு முன்பே தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? தம் தரப்பு தோற்றுவிடும் என்று நினைத்த ஒரு விலகல் ஆதரவாளர்!

கருத்துக்கணிப்புகள் எல்லாம் பொய்த்துப் போனதாகச் சொல்கிறார்களே?
– கல்லூரி மாணவி, மதுரை

எல்லாம் என்று சொல்வது மிகை. தொலைபேசி வழியாக எடுத்த கணிப்புகள் பெரும்பாலும் நீடிப்புத் தரப்பு தெளிவாக முந்துவதாகக் காட்டின. இணையவழிக் கணிப்புகளோ பல மாதங்களாகவே இழுபறி என்றுதான் காட்டிக்கொண்டிருந்தன. அந்த வேறுபாட்டிலேயே எச்சரிக்கை இருந்தது. ஆனால், கடைசி நேரத்தில் மக்கள் பழகிய நிலையையே தேர்ந்தெடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஒப்பிடுவதற்கு முந்தைய வாக்கெடுப்பின் கணக்கு இல்லாததால், பொதுத்தேர்தல்களில் தொலைக்காட்சிகள் நடத்தும் வாக்குச்சாவடிக் கணிப்பும் அன்று நடத்தப்படவில்லை. வாக்குப்பதிவு முடிந்தவுடன் வெளியான இணையக் கணிப்பு ஒன்று 52-க்கு 48 என்றே சொன்னது. ஆனால் நீடிப்பவர்களுக்கு 52 என்று. எண்கள் சரி, இடம்தான் மாறிவிட்டது. அதை நம்பி ஏறிய பவுண்டின் மதிப்பு, விடிவதற்குள் 1985-க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது.

படிப்பில்லாதவர்களும் முதியவர்களும் சேர்ந்து இளைஞர்களின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பல இடங்களில் படிக்கிறேன். உண்மையில் மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள்?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

வயது வேறுபாடு உண்மைதான். வாக்கெடுப்பு நாளில் எடுத்த பெரிய ஆய்வொன்றின்படி, 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் 73 விழுக்காட்டினர் நீடிப்பதற்கும், 65 வயதைக் கடந்தவர்களில் 60 விழுக்காட்டினர் விலகுவதற்கும் வாக்களித்திருந்தனர். பட்டதாரிகள் பெரும்பாலும் நீடிப்பின் பக்கம் நின்றதும் உண்மை. ஆனால் இன்று எழுபது வயதான ஓர் ஆங்கிலேயர் பள்ளியை முடித்த காலத்தில் பத்துப் பேரில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாலே அதிகம். அவரைப் படிப்பில்லாதவர் என்பது, கதவு திறக்காத காலத்தில் பிறந்ததற்காக ஒருவரைக் குறை கூறுவதாகும்.

காரணம் தேட வேண்டுமானால் ஊர்களைப் பார்க்க வேண்டும். விலகலுக்கு மிக அதிகமாக, 75.6 விழுக்காடு வாக்களித்த இடம், கிழக்கு இங்கிலாந்தில் காய்கறி விளையும் சமவெளியில் உள்ள பாஸ்டன் என்னும் சிறிய வட்டாரம். 2004-இல் போலந்து, லித்துவேனியா உள்ளிட்ட நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பிற பெரிய நாடுகள் தயங்கிய நிலையில், பிரிட்டன் உடனடியாகத் தன் வேலைச் சந்தையைத் திறந்துவிட்டது. ஆண்டுக்கு அதிகம் போனால் 13 ஆயிரம் பேர் வருவார்கள் என்று அரசு வெளியிட்ட ஆய்வு சொன்னது. வந்தவர்களோ பல லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் பாஸ்டன் போன்ற ஊர்களின் வயல்களுக்கும் பொட்டலமிடும் கூடங்களுக்கும் வேலைக்குச் சென்றார்கள். ஆனால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்து வாழும் லண்டன் மாநகரம் 60 விழுக்காடு அளவுக்கு நீடிப்பதற்கே வாக்களித்தது. ஆகவே அயலார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, பழக்கமில்லாத ஊருக்கு எவ்வளவு வேகமாக வந்தார்கள் என்பதே பெரிதாக இருந்திருக்கிறது.

சண்டர்லாந்தின் கதை வேறு. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிசான் கார் ஆலைதான் அங்கே பெரிய வேலை கொடுப்பது. இருந்தும் 61 விழுக்காட்டினர் விலகலைத் தேர்ந்தெடுத்தார்கள். உருக்காலை மூடிய பிறகு ஐரோப்பிய நிதியில் சாலையும் கல்லூரிக் கட்டடமும் எழுந்த வேல்ஸ் பள்ளத்தாக்கின் எப்வேல் நகரத்தை உள்ளடக்கிய வட்டாரத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். போன வேலைக்குப் பதிலாகப் பெயர்ப்பலகை வைத்த கட்டடம் கிடைத்தால் அதற்கு நன்றி தெரிவித்து வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்களை அறியாதவர்கள்.

விலகலுக்கு வாக்களித்தவர்களிடம் முதன்மைக் காரணத்தைக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் "எங்கள் நாட்டைப் பற்றிய முடிவை எங்கள் நாட்டிலேயே எடுக்க வேண்டும்" என்ற கருத்தையும், மூன்றில் ஒருவர் குடியேற்றக் கட்டுப்பாட்டையும் சொன்னார்கள். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு போவதாகச் சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்களே, அந்தத் தொகை பிரிட்டனுக்கு ஒன்றியம் அளித்துவந்த தள்ளுபடியைக் கழிக்காத தவறான கணக்கு என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. கண்டிக்கத்தக்கதுதான், ஆனால் 1 கோடியே 74 லட்சம் பேரும் ஒரு பேருந்தைப் பார்த்து ஏமாந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மகன் அப்போது வேலை விசாவில் லண்டனில் இருந்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அவன் அந்த வாக்கெடுப்பில் வாக்களித்ததாகச் சொல்கிறான். நம்பலாமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

தாராளமாக நம்பலாம், அம்மா. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். அதே பட்டியலைத்தான் இந்த வாக்கெடுப்புக்கும் பயன்படுத்தினார்கள். எனவே அங்கு வசித்த இந்தியருக்கும் இலங்கையருக்கும் வாக்கு இருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளாக அங்கேயே குடும்பம் நடத்திவந்த பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ, யாருடைய வாழ்வை இந்த முடிவு முதலில் தொடுமோ அவர்களுக்கு, பிரிட்டன் குடியுரிமை இல்லையென்றால் வாக்கு இல்லை. 2014-இல் ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பில் வாக்களித்த பதினாறு, பதினேழு வயதினருக்கும் இதில் இடமில்லாமல் போயிற்று.

ஸ்காட்லாந்து மக்கள் என்ன சொன்னார்கள்?
– வாசகர், ஈரோடு

62 விழுக்காட்டினர் நீடிப்போம் என்றார்கள். அங்குள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட விலகலை ஆதரிக்கவில்லை. பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பாவில் இருக்கலாம் என்று 2014-இல் அவர்களிடம் சொல்லப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களின் கசப்பு புரியும்.

இப்போது அங்கே மக்கள் வருந்துகிறார்களா? இன்றைக்கு வாக்கெடுப்பு நடந்தால் முடிவு மாறுமா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

விலகியது தவறு என்போர் அண்மைக் காலக் கணிப்புகளில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். சரி என்போர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். விலகலுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் தாம் செய்தது சரியே என்கிறார்கள். மனம் மாறியவர்கள் சிறுபான்மையினர். அன்று வயது வராதிருந்த இளைஞர்கள் பட்டியலில் சேர்ந்ததும், அன்று வாக்களித்த முதியவர்கள் பலர் இன்று இல்லாததும் கணக்கை மாற்றியதில் பெரும் பங்கு வகிக்கின்றன. பொதுக்கருத்து இப்படிப் புரள்வது அங்கே முதல்முறையும் அன்று: இதே உறவைத் தொடரலாமா என்று 1975-இல் கேட்டபோது 67 விழுக்காட்டினர் தொடரலாம் என்றிருந்தார்கள்.

முடிவு மாறுமா என்பதற்கு விடை, கேள்வியை எப்படிக் கேட்பார்கள் என்பதைப் பொறுத்தது. 2016 வாக்கெடுப்பில் "நீடிக்க வேண்டுமா" என்று மட்டும் கேட்பது ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று தேர்தல் ஆணையம் சொன்னதால், "நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா" என்று கேள்வியை மாற்றினார்கள். அப்படித் திருத்திய கேள்வியிலும் விலகிய பின் எப்படி வாழ்வது என்பது இல்லை. அதனால்தான் அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் 230 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றது. விலகலை விரும்பிய உறுப்பினர்களே திரளாக அதை எதிர்த்தார்கள். இன்றும் மீண்டும் சேரலாமா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பான்மையினர் ஆம் என்கிறார்கள். பவுண்டை விட்டு யூரோவுக்கு மாற வேண்டியிருக்கும் என்று சேர்த்துக் கேட்டால் அந்த ஆதரவு கரைந்துவிடுகிறது.