வீட்டுப் பட்டறை: பழைய பிரிட்ஜுக்கு சில்வர் சாயம்

கேள்வி: எங்கள் இரண்டு கதவு பிரிட்ஜ் நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனால் வெள்ளை நிறம் மஞ்சளாகி, கதவின் அடியில் துரு பிடித்துவிட்டது. சில்வர் நிறத்தில் ஸ்பிரே அடித்தால் நிற்குமா? தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிற்கும் அம்மா. ஆனால் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்காதீர்கள். அக்டோபரும் நவம்பரும் பேராக்கில் பிற்பகல் ஆனால் இடியும் மழையுமாக இருக்கும் மாதங்கள். ஸ்பிரே சாயத்தில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பூசிய பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தப் பரப்பில் பனிபோல் படிந்து, சாயம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் செய்துவிடுங்கள். தரை காய்ந்த பிறகு, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம்.

இந்த வேலையில் முக்கால்வாசி சாயத்தைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. சமையலறையில் நின்ற பிரிட்ஜின் மேல் தாளித்த எண்ணெய் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெயைத் தேய்த்து உள்ளே இறக்குவதுதான் நடக்கும். பிறகு சாயம் மீன் கண்போல் சின்னச் சின்ன வட்டமாக விலகும். ஆகவே பிளக்கைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரண்டு முறை கழுவுங்கள். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து, துணியில் அழுக்கு ஒட்டாமல் வரும் வரை துடையுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே தின்னர் வேண்டாம், உருகிவிடும்.

அடுத்து 320 எண் தண்ணீர் உப்புத்தாளால் (நனைத்துத் தேய்க்கும் தாள்) பளபளப்பு போகும் வரை மட்டும் தேயுங்கள். பழைய சாயத்தை உரிக்க வேண்டியதில்லை. மிகப் பழைய பெட்டி என்றால் அதன் சாயத்தில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. துரு உள்ள இடத்தில் மட்டும் முதலில் சொரசொரப்பான 80 எண் தாள், பிறகு 180. இரும்பு வெளியே தெரிந்தால் அன்றைக்கே மெட்டல் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் மறுபடி துரு கட்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பின்பக்க லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே ஓடுவது தீப்பிடிக்கும் வாயு. பல பிரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள்ளேயே அதன் குழாய் போகிறது. கையால் தேய்ப்பதோடு நிறுத்துங்கள். துளை போடுவதோ மெஷின் கிரைண்டரைப் பிடிப்பதோ கூடாது.

கதவு ரப்பர், கீல், லேபிள், காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, வீட்டுக்கு வெளியே, கூரைக்கு அடியில் வைத்து அடியுங்கள். ஸ்பிரே டின்னில் உள்ள வாயுவும் எரியக்கூடியது. கேஸ் தோம்பு, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. முகத்துக்கு கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. பிரைமர் இரண்டு பூச்சு, சில்வர் மூன்று, அதன் மேல் நிறமில்லாத கிளியர் இரண்டு. எல்லாமே மெலிதாக.

சாயக் கணக்கு இது. 400 மி.லி. டின் ஒரு பூச்சுக்குச் சுமார் ஒன்றரை சதுர மீட்டர் பிடிக்கும். 60 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம் என்றால் முகப்பு மட்டும் 0.9 சதுர மீட்டர். அதற்கு மூன்று பூச்சுக்கும் சேர்த்துச் சில்வர் இரண்டு டின் போதும். ஆழமும் 60 செ.மீ. என்றால், இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் 2.7 ஆகும், ஆறு டின் வேண்டும். பக்கங்கள் சுவரோரம் மறைந்திருந்தால் முகப்போடு விட்டுவிடலாம்.

கேள்வி: சில்வர் அடித்துப் பார்த்தேன். புலி வரிபோல் கோடு கோடாகத் தெரிகிறது. அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடித்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
– வாசகர், லிந்தாங்

பதில்: மெட்டாலிக் சாயத்துக்குள் மெல்லிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை ஒரே மாதிரிப் படுத்தால்தான் நிறமும் ஒரே மாதிரி தெரியும். கிட்டே பிடித்து ஈரமாக அடித்த இடத்தில் செதில்கள் நகர்ந்து, அந்தக் கோடு கறுத்து நிற்கும். டின்னை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை விளிம்புக்கு வெளியிலேயே தொடங்கி வெளியிலேயே முடித்து, ஒவ்வொரு வரியும் முந்தியதில் பாதியை மூடும்படி ஓட்ட வேண்டும். கடைசிப் பூச்சை மட்டும் 30 செ.மீ. தள்ளி, தூவுவதுபோல் அடித்தால் வரிகள் மறையும்.

சில்வர் பூச்சைத் தேய்த்தால் செதில்கள் அறுபடும், அதனால்தான் திட்டு விழுந்தது. மெட்டாலிக்கில் ஒட்டுப்போடும் வேலை எடுபடாது. அந்தக் கதவு முழுவதையும் 600 எண் தாளால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து அடியுங்கள்.

கேள்வி: இரண்டாவது பூச்சு போட்டதும் முதல் பூச்சு சுருங்கி, காய்ந்த மிளகாய்த் தோல்போல் எழுந்துவிட்டதே?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இடைவெளிதான் காரணம். பல எனாமல் ஸ்பிரேக்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு போட வேண்டும், இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் காய்ந்தும் அடிப்பாகம் பச்சையாகவும் இருக்கும். புதிய தின்னர் உள்ளே இறங்கி அதை ஊதவைத்துவிடும். சரியான நேரம் டின்னிலேயே அச்சிட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். சுருங்கியதை ஒரு வாரம் காயவிட்டு, சுரண்டித் தேய்த்து, பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: மீதிச் சாயத்தை கேஸ் அடுப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் அடிக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அடுப்புக்கு வேண்டாம். சாதாரண சில்வர் சூட்டில் மஞ்சளாகி உரியும், புகையும். ரைஸ் குக்கரின் வெளி உடம்புக்கு அடிக்கலாம். உள் பானை, மூடியின் உட்புறம், சூடேறும் தட்டு இவற்றின் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது.

கேள்வி: போன வருடம் சாயம் அடித்தோம். கதவின் அடி விளிம்பில் மட்டும் துரு திரும்ப வந்துவிட்டது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அங்கே தகடு உள்பக்கம் மடிந்திருக்கிறது. உப்புத்தாள் அந்த மடிப்புக்குள் போகாது. சுரண்டிய பிறகு துரு மாற்றும் திரவத்தைச் சிறு பிரஷால் மடிப்புக்குள் தடவுங்கள். துரு கறுத்துக் காய்ந்ததும் பிரைமர் போடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. உள்குளிர் கசிந்து விளிம்பு வியர்க்கிறது, ரப்பரை மாற்றினால்தான் தீரும். தாள் இறுக்கமாக இருந்தால் தரை துடைக்கும் தண்ணீர்தான் காரணம். பிரிட்ஜை ஐந்து செ.மீ. உயரமுள்ள ஸ்டாண்டில் ஏற்றுங்கள். புதுச் சாயம் போட்ட பிறகு ஒரு மாதம் மேக்னட் ஒட்டாதீர்கள், பச்சை நாரால் தேய்க்காதீர்கள்.