கேன்சல் செய்யும்போது நிரல் உறைந்து நிற்பது ஏன்?

சி ஷார்ப்பில் கேன்சலேஷன் டோக்கனில் (வேலையை நிறுத்தச் சொல்லும் அடையாளம்) ரெஜிஸ்டர் செய்த கால்பேக் (கேன்சல் ஆனதும் ஓடும் ஃபங்ஷன்), எப்போதாவது ஒருமுறை நிரலை அப்படியே நிறுத்திவிடுகிறது, எக்ஸெப்ஷனும் வருவதில்லை என்கிறீர்கள். கால்பேக்குக்குள்ளும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடுகிறீர்கள், அதே லாக்கைப் பிடித்தபடி ரெஜிஸ்ட்ரேஷனை (ரெஜிஸ்டர் திருப்பித் தரும் பதிவை) டிஸ்போஸும் செய்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

முதல் த்ரெட் லாக்கைப் பிடித்துவிட்டது. அந்நேரம் பார்த்து இன்னொரு த்ரெட் கேன்சலை அழைக்க, கால்பேக் ஓடத் தொடங்கி லாக்குக்காக நிற்கிறது. இப்போது முதல் த்ரெட் டிஸ்போஸுக்கு வருகிறது. டிஸ்போஸ் பதிவை நீக்கியதும் திரும்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கால்பேக் வேறொரு த்ரெட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை டிஸ்போஸ் காத்திருக்கும். ஒன்றையொன்று பார்த்து இரண்டும் நிற்கும், டெட்லாக். இந்தக் காத்திருப்பு வேண்டுமென்றே வைத்தது. டிஸ்போஸ் திரும்பிய பிறகு கால்பேக் ஓடாது என்ற உறுதி இருந்தால்தான், அது தொடும் சாக்கெட்டையோ ஃபைலையோ நீங்கள் நம்பி மூட முடியும்.

தீர்வு: லாக்குக்குள் ரெஜிஸ்ட்ரேஷனை ஒரு லோக்கல் மாறிக்கு எடுத்துக்கொண்டு ஃபீல்டை டீஃபால்ட் ஆக்குங்கள். லாக்கை விட்டு வெளியே வந்தபின் அந்த லோக்கலை டிஸ்போஸ் செய்யுங்கள். டாட்நெட் கோர் 3.0 முதல் அன்ரெஜிஸ்டர் என்ற மெத்தடும் உண்டு, அது காத்திருக்காது. ட்ரூ திருப்பினால் கால்பேக் இனி ஓடாது. ஃபால்ஸ் வந்தால் அது ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கலாம், இப்போது ஓடிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே ஃபால்ஸ் வந்த இடத்தில் கால்பேக் பயன்படுத்தும் எதையும் மூடாதீர்கள்.

கேன்சலையும் லாக்குக்குள் அழைக்காதீர்கள். பதிந்த கால்பேக்குகள் வழக்கமாக, கேன்சலை அழைத்த த்ரெட்டிலேயே, கேன்சல் திரும்பும் முன்பே ஓடுகின்றன. சி ஷார்ப்பின் லாக் அதே த்ரெட்டை மறுபடி உள்ளே விடும் என்பதால் இங்கே டெட்லாக்குக்குப் பதில் அதைவிட மோசமானது நடக்கலாம்: நீங்கள் பாதி மாற்றி வைத்திருக்கும் தரவைக் கால்பேக் முழுமையானது என்று எண்ணிக் கையாளும். டாட்நெட் 8-இல் வந்த கேன்சல் அசிங்க் என்ற மெத்தட், கால்பேக்குகளை த்ரெட் பூலுக்கு (தயாராக இருக்கும் த்ரெட்களின் தொகுப்பு) அனுப்புகிறது. ஆனால் லாக்கைப் பிடித்தபடி அது திருப்பும் டாஸ்க் முடியக் காத்திருந்தால் பழைய டெட்லாக்தான்.

இன்னொரு கண்ணி, ஏற்கெனவே கேன்சல் ஆன டோக்கன். அதில் ரெஜிஸ்டர் செய்தால் கால்பேக் அங்கேயே, ரெஜிஸ்டர் திரும்புவதற்கு முன்பே ஓடிவிடும். அந்த நேரம் உங்கள் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீல்டுக்கு மதிப்பு வந்திருக்காது. கால்பேக்குக்குத் தேவையான எல்லாவற்றையும் முதலில் உருவாக்கிவிட்டு, ரெஜிஸ்டரைக் கடைசியில் வையுங்கள்.

கால்பேக்குக்குள் டாஸ்க் கம்ப்ளீஷன் சோர்ஸை (ஒரு டாஸ்க்கை நாமே முடித்துவைக்க உதவும் ஆப்ஜெக்ட்) முடிப்பதாக இருந்தால் ட்ரை செட் கேன்சல்டு பயன்படுத்துங்கள். வேலை முடிவதும் கேன்சலும் ஒரே சமயம் வரலாம், ட்ரை இல்லாத வடிவம் பிந்தி வந்த பக்கத்தில் எக்ஸெப்ஷன் எறியும். அதை உருவாக்கும்போதே ரன் கன்டினியுவேஷன்ஸ் அசிங்க்ரனஸ்லி என்ற ஆப்ஷனையும் கொடுங்கள். இல்லையென்றால் அவெய்ட்டுக்குப் பின்னாலுள்ள யாரோ எழுதிய கோடு, கேன்சலை அழைத்த த்ரெட்டில் ஓடக்கூடும்.

கால்பேக் எக்ஸெப்ஷன் எறிந்தாலும் கேன்சல் மற்றக் கால்பேக்குகளை ஓட்டிவிட்டுத்தான் எல்லாவற்றையும் அக்ரிகேட் எக்ஸெப்ஷனாகத் தரும். கேன்சலை ட்ரூ கொடுத்து அழைத்தால் முதல் எக்ஸெப்ஷனிலேயே நின்றுவிடும், மிச்சமுள்ளவை ஓடாது. சி++20-இல் இதே வேலையைச் செய்யும் ஸ்டாப் கால்பேக்கின் டிஸ்ட்ரக்டரும் டிஸ்போஸைப் போலவே காத்திருக்கும், ஆனால் அங்கே கால்பேக்கிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியேறினால் நிரலே டெர்மினேட் ஆகும்.

உங்கள் கோடில் இதுதானா என்று பார்க்க, கால்பேக்கின் முதல் வரியில், லாக்குக்கு முன்னால், 500 மில்லிசெகண்ட் ஸ்லீப் வையுங்கள். ஒரு த்ரெட்டில் கேன்சலை அழைத்து, 100 மில்லிசெகண்ட் கழித்து மற்றொன்றில் லாக்கும் டிஸ்போஸும் நடக்கட்டும். எப்போதாவது வந்த உறைவு இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் வரும். மாற்றிய பிறகு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.