கேள்வி – பதில்: எஸ்.ஏ.டி. எழுதாமல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாமா? எழுதாதது பாதகமாகுமா?
– ஒரு தந்தை, திருமங்கலம்

விண்ணப்பிக்கலாம், ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அல்ல. ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மதிப்பெண்ணைக் கொடுத்தாலும் சேர்க்கைக்குப் பார்க்க மாட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி 1969 முதலே மாணவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. யேல் பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., பாடவாரித் தேர்வுகளான ஏ.பி., ஐ.பி. இவற்றில் ஏதாவது ஒன்று போதும் என்கிறது. கொரோனா காலத்தில் தளர்த்திய எம்.ஐ.டி. 2022-லும், ஹார்வர்டு, டார்ட்மவுத், பிரவுன், கால்டெக் ஆகியவை 2024-லும் மறுபடி கட்டாயம் என்று அறிவித்துவிட்டன. எனவே முன்னால் போன அக்கா, அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மகள் சேரப்போகும் ஆண்டுக்கான விதியை அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலேயே பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விருப்பம் என்று விட்ட கல்லூரிகள், அனுப்பாததைக் குறையாக எடுப்பதில்லை என்றுதான் சொல்கின்றன. ஆனால் ஒரு காகிதம் குறைந்தால் மற்ற காகிதங்களின் மேல் கனம் ஏறும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண், ஆசிரியர் கடிதம், கட்டுரை ஆகிய மூன்றும்தான் அவளுக்காகப் பேச வேண்டும். கோச்சிங் சென்டருக்குக் கட்டும் பணத்தில் கொஞ்சத்தை மிச்சப்படுத்தி, பள்ளி அலுவலகத்துக்கு நாலு நடை நடப்பது லாபம்.

ஒருவேளை பின்னால் எழுதினால், சேர்ந்த மாணவர்களில் மேல் கால்வாசி, கீழ் கால்வாசி போக, நடுவில் உள்ள பாதிப் பேரின் மதிப்பெண் வரம்பைக் கல்லூரி வெளியிடும், அதைப் பாருங்கள். அதன் மேல்பாதியில் இருந்தால் அனுப்பலாம். கீழ் எல்லையைத் தொடவில்லை என்றால் அனுப்ப வேண்டாம்.

எஸ்.ஏ.டி. வேண்டாம் என்றால் ஆங்கிலத் தேர்வும் வேண்டாம் என்று பொருளில்லை. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டுவோலிங்கோ ஆகியவற்றில் ஒன்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். அதேபோல் சேர்க்கைக்கு மதிப்பெண் கேட்காத சில இடங்களில் உதவித்தொகைக்கு மட்டும் கேட்பதுண்டு. இதைக் கவனிக்காமல் விட்டு, சீட் கிடைத்தும் பணமில்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு.

எங்கள் பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சலர் என்று யாரும் இல்லை. ஒரு மாணவி, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ‘காமன் ஆப்’ இணையதள விண்ணப்பத்துக்காக என்னென்னவோ கேட்கிறாள். நாங்கள் என்ன தர வேண்டும்?
– பிளஸ் டூ வகுப்பாசிரியை, மேலூர்

நீங்களோ தலைமையாசிரியரோ கவுன்சலர் இடத்தில் இருக்கலாம், டீச்சர். பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை குறித்த பக்கத்தை மாணவி முடித்தால்தான் உங்களுக்கு மெயிலில் அழைப்பு வரும். பள்ளியின் மெயில் முகவரியையே கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவின் மெயிலைக் கொடுத்து வீட்டிலிருந்தே ஏற்றினால் விண்ணப்பமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நீங்கள் ஏற்ற வேண்டியவை: 9 முதல் 11 வரையிலான மதிப்பெண்கள், பிளஸ் டூவில் இதுவரை நடந்த தேர்வின் மதிப்பெண், பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, பரிந்துரைக் கடிதம். ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வுச் சான்றிதழ் கிடையாதே. பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்து, லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்து, கையெழுத்தும் சீலும் போட வேண்டும். பள்ளிக் குறிப்பில் மொத்தம் 600, பாடத்துக்கு 100, தேர்ச்சிக்கு 35, செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று எழுதிவிடுங்கள். இது இல்லாவிட்டால் அங்கே இருப்பவருக்கு 540 என்பது வெறும் எண். அமெரிக்க முறைப்படி (ஜி.பி.ஏ.) 4-க்கு எவ்வளவு என்று நீங்களாக மாற்றிக் கணக்குப் போட வேண்டாம்.

கடிதம்தான் பெரும்பாலும் சொதப்புகிற இடம். நன்னடத்தைச் சான்றிதழ் பாணியில் ‘ஒழுக்கமானவர், படிப்பில் சிறந்தவர்’ என்று நான்கு வரி எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. வேதியியல் செய்முறை வகுப்பில், டைட்ரேஷனில் அளவு ஒத்துவராதபோது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாமல், பியூரெட்டைக் கழுவி முதலிலிருந்து செய்தாள் என்பது போல, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. பல கல்லூரிகளின் கடைசி நாள் ஜனவரி 1-ஐ ஒட்டி வரும். நம் ஊரில் அப்போது அரையாண்டு விடுமுறை. சீல் பீரோவுக்குள் இருக்கும், பீரோ சாவி ஊருக்குப் போயிருக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே காலாண்டு மதிப்பெண்ணோடு அனுப்பிவிடுங்கள். அரையாண்டு மதிப்பெண்ணைப் பின்னர் இடையாண்டு அறிக்கையாகச் சேர்க்கலாம்.

மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. எதைப் போடுவது?
– ஒரு மாணவர், வில்லாபுரம்

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் போடுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தலைமையாசிரியரிடம் ஒரு வரி வாங்கி மதிப்பெண்ணோடு சேருங்கள்.

மகன் அகில இந்திய இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. எழுதவில்லை. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் சேர முடியுமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

தாராளமாக. மாநில நுழைவுத்தேர்வு 2007-லேயே போய்விட்டது. கவுன்சலிங்குக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். கணிதம் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. இதுதான் 200-க்கான கட்ஆஃப். திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. வேண்டும், ஆர்க்கிடெக்சருக்குத் தனித் தேர்வு உண்டு.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசு உதவி பெறும் பள்ளி வராது. மதுரைப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனு போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.