75 மி.மீ. புல்லியை 65 ஆக்கினால் பூஸ்ட் எவ்வளவு ஏறும்?

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்ட மட்டும் வைத்திருக்கும் காரில் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (கிராங்க் பெல்ட்டில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டிருக்கிறேன். கிராங்க் புல்லி 150 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75. பூஸ்ட், அதாவது அது கூட்டித் தரும் காற்றழுத்தம், 6 பி.எஸ்.ஐ. வருகிறது. லேத் பட்டறையில் 65-ல் கடைந்து தருகிறோம், ஒரு பி.எஸ்.ஐ.தான் கூடும் என்கிறார்கள். போடலாமா?

ஒன்று இல்லைங்க, மூன்று கூடும். அதனால் நேராக 65-க்குப் போக வேண்டாம்.

விகிதம் பார்ப்பது விசைத்தறி மோட்டாருக்குப் பார்ப்பது போலத்தான். 150-ஐ 75-ஆல் வகுத்தால் 2, 65-ஆல் வகுத்தால் 2.31. வேகம் 15 சதவீதம் கூடுகிறது. இதுவரை பட்டறைக் கணக்கு சரி. ஆனால் அந்த 15 சதவீதத்தை 6-ன் மேல் போட்டு ஏழு என்று சொல்லிவிட்டார்கள். மீட்டர் காட்டும் 6 என்பது வெளிக்காற்றுக்கு மேலே இருக்கும் அழுத்தம் மட்டும். கோவை உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 14 பி.எஸ்.ஐ. இருக்கிறது, மொத்தம் 20. ரூட்ஸ் சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று தள்ளுகிற வகை என்பதால் இந்த 20-தான் 15 சதவீதம் கூடி 23 ஆகும். 14-ஐக் கழியுங்கள், 9. கசிவாலும் சூட்டாலும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இதே காரணத்தால் கோவையில் 6 காட்டும் வண்டி ஊட்டியில் 5-க்குக் கீழேதான் காட்டும். அங்கே வெளிக்காற்றே 11 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். அதைப் பார்த்துப் புல்லியைக் குறைத்துவிடாதீர்கள்.

எனக்குப் பயம் சூட்டில்தான். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, ரூட்ஸின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், 6 பி.எஸ்.ஐ.யில் 90 டிகிரியில் வெளியே வரும். 9-ல் 110-ஐத் தாண்டும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் பங்க் பெட்ரோலில் இது நாக்கிங்கில் (பெட்ரோல் கலவை சூட்டில் தானாகவே வெடிப்பது) கொண்டுபோய் விடும், பிஸ்டன் தாங்காது. அப்புறம், இன்ஜின் 6,500 ஆர்.பி.எம். தொட்டால் சூப்பர்சார்ஜர் 15,000-ல் சுற்றும். தயாரிப்பாளர் கொடுத்த உச்ச வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 70 மி.மீ. போடுங்கள், 7.5 பி.எஸ்.ஐ. அருகே வரும். பெட்ரோல் கலவையையும் இக்னிஷன் டைமிங்கையும் அதற்கு ட்யூன் செய்த பிறகு மேலே யோசிக்கலாம். புல்லி சிறுத்தால் பெல்ட் பிடிக்கும் இடமும் குறையும். மேல் ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் ஏறாமல் நின்று, புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் சின்னப் புல்லியான ஐட்லரை நகர்த்திப் பிடிமானத்தைக் கூட்டுங்கள். கடையக் கொடுக்கும்போது பெல்ட் உட்காரும் இடத்தின் விட்டத்தைச் சொல்லுங்கள், ஓரத்து விளிம்பை அல்ல.