அக்கா வீட்டில் இருந்த மாமா

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவுக்குக் குடியேறிய யூத வணிகர்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் இடம் இடித்தது. ஜீன்ஸ் தயாரிக்கும் லெவி ஸ்ட்ராஸ் கம்பெனியைக் 'குடும்ப நிறுவனம்' என்கிறீர்கள். லெவி ஸ்ட்ராஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவர், பிள்ளை குட்டி கிடையாது. கலிபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்களுக்குக் கூடாரத் துணியில் கால்சட்டை தைத்து விற்று, ஒண்டியாளாக முன்னுக்கு வந்தவர் என்றுதான் படித்திருக்கிறேன். அவருக்கு ஏது குடும்பம்?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சரி. பிள்ளைகள் இல்லை, அதுவும் சரி. ஒண்டியாள் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கூடாரத் துணிக் கதையும் உண்மையில்லை. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் கம்பெனியின் பழைய காகிதங்களெல்லாம் போய்விட்டன. அதனால் இந்த மாதிரிக் கதைகள் எளிதாக நிலைத்துவிட்டன. அவர் தையல்காரர் இல்லை, மொத்த ஜவுளி வியாபாரி.

அவர் பிறந்தது 1829இல், இன்றைய ஜெர்மனியைச் சேர்ந்த பவேரியாவில் உள்ள புட்டன்ஹைம் என்ற சிற்றூரில். வீட்டில் வைத்த பெயர் லோப். அப்பா ஹிர்ஷ் ஊர் ஊராகப் போய்த் துணிமணி விற்றவர். முதல் மனைவி இறந்தபின் ரெபேக்காவை மணந்தார். ரெபேக்காவுக்குப் பிறந்தவர்கள் இருவர்: மூத்தவள் ஃபேன்னி, அடுத்தவர் லெவி.

அந்த நாட்டில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று 1813இல் வரம்பு கட்டி, குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து, பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். எண் இல்லாதவன் அந்த ஊரில் கல்யாணம் செய்து குடித்தனம் வைக்க முடியாது. அப்பாவின் எண் பெரும்பாலும் மூத்த மகனுக்குத்தான் போகும். இளைய மகன், வேறு யாராவது செத்து ஓர் எண் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். 1861 வரை இதுதான் நடைமுறை. லெவியோ வீட்டுக்கே கடைக்குட்டி. ஒரு பையன் தனக்கென்று அடுப்பு மூட்டுவதையே அரசாங்கம் கணக்கு வைத்துத் தடுத்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

1846இல் அப்பா காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு ரெபேக்கா பிள்ளைகளோடு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். மூத்த தாரத்து மகன்கள் ஜோனாஸும் லூயிஸும் அங்கே முன்பே ஜவுளி வியாபாரத்தில் இருந்தார்கள். லெவி அவர்களிடம் தொழில் பழகி, 1853இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு சான் பிரான்சிஸ்கோ போனார். இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சரக்கு கொள்முதல் செய்து நியூயார்க்கிலிருந்து கப்பலில் அனுப்பியவர்கள் அண்ணன்மார். சான் பிரான்சிஸ்கோவில் பங்காளியாகக் கூட நின்றவர் டேவிட் ஸ்டெர்ன், அதாவது ஃபேன்னியின் கணவர். லெவி குடியிருந்தது அந்த அக்கா வீட்டில். அக்கா பிள்ளைகள் வளர்ந்ததெல்லாம் அவர் கண் முன்னால்தான்.

1874இல் டேவிட் ஸ்டெர்ன் காலமானார். அப்போதும் அந்த வீடு கலையவில்லை. இன்னொரு அக்கா மேரியின் கணவர் வில்லியம் சாலைனும் கம்பெனிப் பங்காளி. மேரி முன்பே இறந்துவிட்டார். பிறகு சாலைனும் ஃபேன்னியும் மணந்துகொண்டார்கள். மாப்பிள்ளை, மச்சான், சம்பந்தி என்று நம் ஊர்க் கடைத்தெருவில் பார்க்கும் அதே கணக்குதான்.

ஜேக்கப், சிக்மண்ட், லூயிஸ், ஆபிரகாம். இந்த நால்வரும் ஃபேன்னியின் மகன்கள். ஆங்கிலத்தில் யார் பிள்ளையாக இருந்தாலும் 'நெஃப்யூ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்வதில்லை. அக்கா மகன் நமக்கு மருமகன், லெவி அவர்களுக்குத் தாய்மாமன். தாய்மாமன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன எடை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நால்வரையும் தொழிலுக்குக் கொண்டுவந்தார், 1890இல் கம்பெனியைப் பதிவு செய்தபோது பங்கும் கொடுத்தார். 1895இல் ஒரு பத்திரிகைக்காரரிடம், தான் பிரம்மச்சாரி, தன் வாழ்க்கை முழுவதும் தொழில்தான் என்று சொன்னார். அவருடைய தொழில் யார் வீட்டோடு கலந்திருந்தது என்று பார்த்தால் அந்த வாக்கியம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

செம்பு ரிவெட் (துணி கிழியாமல் பிடிக்கும் சிறு உலோக ஆணி) அடித்த கால்சட்டை அவர் கண்டுபிடிப்பும் அல்ல. நெவாடா மாநிலத்து ரீனோ ஊர்த் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், ரீகாவில் பிறந்த இன்னொரு யூதக் குடியேறி, பை கிழியாமலிருக்க ரிவெட் அடித்துப் பார்த்தார். காப்புரிமை வாங்கக் கூட்டாளி வேண்டும் என்று துணி சப்ளை செய்த லெவிக்கு எழுதினார். இருவரும் சேர்ந்து வாங்கிய காப்புரிமையின் தேதி 1873 மே 20.

1902 செப்டம்பர் 26. அந்த வாரம் லெவிக்கு உடம்பு சரியில்லை. அன்று கொஞ்சம் தெம்பாக இருந்தது, லெவன்வொர்த் தெரு வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். படுக்கப் போனவர் அன்றிரவே போய்விட்டார். வயது 73. உயிலில் யூத அநாதை இல்லத்துக்கும், அதோடு கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அநாதை இல்லங்களுக்கும் பணம் எழுதி வைத்திருந்தார். கம்பெனி நான்கு மருமகன்களுக்கு.

நாலே வருடத்தில் நிலநடுக்கம் வந்து பேட்டரி தெருவிலிருந்த தலைமையிடம் நாசமானது. மருமகன்கள் ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தவில்லை. கடை இழந்த வியாபாரிகளுக்குக் கடனும் கொடுத்தார்கள். அப்புறம் சிக்மண்டின் மகள் எலிஸ், அதாவது ஃபேன்னியின் பேத்தி, வால்டர் ஹாஸை மணந்தார். வால்டரும் கம்பெனிக்குள் வந்தார். பின்னர் பல பத்தாண்டுகள் அதை நடத்தியது அந்த ஹாஸ் குடும்பம்தான்.

ஸ்ட்ராஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் உங்களுக்குக் குடும்பம் கிடைக்காது. ஸ்டெர்ன் என்று தேடுங்கள், பிறகு ஹாஸ் என்று தேடுங்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டையில் தம்பி பெயர் இருக்கிறது, ஃபேன்னியின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சிக்மண்ட் நினைவாக அவர் மனைவி ரோசலி 1931இல் வாங்கி நகரத்துக்குக் கொடுத்தது. கோடைதோறும் அங்கே இலவச இசை நிகழ்ச்சி நடக்கும், ஜனங்கள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டெர்ன் தோப்பு.